‘ஒரு கிளார்க் போதும்’ என்பவர்களுக்கு

‘புராஜெக்ட் ஃபைலைப் பார்த்துக்கொள்ள ஒரு கிளார்க் போதும். இதற்கு எதற்கு ஆய்வு மேலாளர் என்று தனிப் பதவி, தனிப் பயிற்சி, பதவி உயர்வு?’ ஆய்வு நிறுவனங்களின் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழாத ஆண்டு இல்லை. கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். பெரும்பாலும் நல்ல விஞ்ஞானிகள், சொந்த உழைப்பில் ஆய்வகத்தைக் கட்டி எழுப்பியவர்கள். அவர்கள் சொல்வதாலேயே இந்தக் கருத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் கருத்து தவறு. அதற்கான விலையை, மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் காத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் கொடுத்துவருகிறார்கள்.

அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் வைத்துவிடுகிறேன். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, 2020-21ஆம் ஆண்டின் கணக்கு அது. இவ்வளவு சிறிய பானையிலிருந்து அலுவலகத்துக்கு ஓர் அகப்பை எடுத்தால் ஆய்வகத்துக்கு ஓர் அகப்பை குறையும். நல்ல விஞ்ஞானிக்கு நிர்வாகமும் கைவரும் என்பதற்கு ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், சதீஷ் தவான் என்று நம்மிடமே முன்னோடிகள் உண்டு. ஃபைல் நகர்த்துவது பழக்கத்தில் வருவது, பாடத்திட்டம் வைத்துக் கற்பிக்கவேண்டிய வித்தை ஒன்றும் அதில் இல்லை. மேலாளர்களைப் பெருக்கினால் தங்கள் இருப்பை நியாயப்படுத்தப் புதுப்புதுப் படிவங்களை அவர்கள் கொண்டுவருவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு நேர்ந்தது அதுதான். கடைசியாக, நோய் விதிகளில் இருக்கிறது. விதிகளைக் குறைத்தால் மேலாளருக்கே வேலை இருக்காது. இவற்றில் ஒன்றிரண்டு பாதி உண்மை என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

1. எழுத்தர் வேலையா இது? ஒரு சாதாரண புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, அதில் மருந்துக்கான மூலக்கூறு இருக்கிறதா என்று தேடும் மூன்றாண்டுத் திட்டம். ஒரு கருவி, ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர்கள் இருவர், ஜெர்மனியில் ஒரு கூட்டாளி. இதில் புதுமை எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் எந்த உயிரித் தொழில்நுட்பத் துறையிலும் இப்படி ஒன்று இருக்கும்.

பாக்டீரியாவை ஜெர்மனிக்கு அனுப்பலாமா? 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு உயிரியல் வளத்தைக் கொடுக்கத் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆணையம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. கூட்டு ஆராய்ச்சி என்றால் விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கூட்டு மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு, உரிய ஒப்புதலோடு இருந்தால் மட்டுமே. நம் திட்டம் விலக்குக்குள் வருகிறதா என்பதை மாதிரியை பார்சல் செய்வதற்கு முன் ஒருவர் சொல்ல வேண்டும்.

மூலக்கூறு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாணவி மகிழ்ச்சியில் ஒரு கருத்தரங்கில் அதைப் பேசிவிட்டு வருகிறார். ஐரோப்பாவில் காப்புரிமை பெறும் வாய்ப்பு அந்த இருபது நிமிடப் பேச்சோடு பெரும்பாலும் போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு மேடை என்று அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? நெறியாளருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவர் படித்தது நுண்ணுயிரியல். அதோடு, உயிரியல் வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு என்பதால் காப்புரிமை விஷயத்திலும் மறுபடி தரமணிக்குப் போகவேண்டியிருக்கும்.

பணத்தின் பக்கம் இன்னும் நுணுக்கமானது. பொது நிதி விதிகள் 2017-இன்படி, மானியத்துக்கு வங்கியில் விழுந்த வட்டியை அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். அதைக் கையிருப்பாக நினைத்து ரசாயனம் வாங்கிவிட்டால் தணிக்கையில் மாட்டுவோம். கருவிக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலைக்கு முன் 5 விழுக்காடு, பிறகு 18. அந்த மாதத்துக்கு முன் மதிப்பீடு எழுதி, பின் ஆர்டர் கொடுத்தவர்களின் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை எண்ணிப்பாருங்கள். ஆய்வு மானியத்துக்கே வரி கேட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் வந்த காலமும் உண்டு; 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் விலக்கு அளிக்கும்வரை அந்தக் கத்தி தலைக்குமேல் தொங்கியது. நிறுவனம் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவானதென்றால் இன்னொரு முடிச்சு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டிலிருந்து பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகிவிட்டது. நான்கு ஊர்களில் நான்கு கூட்டாளிகளை வைத்து ஒரு திட்டம் எழுதும் விஞ்ஞானிக்கு, அந்த அமைப்பே செல்லாது என்பதை விண்ணப்பம் எழுதும் முன் சொல்ல வேண்டும். நிதி வந்தபின் சொன்னால் அது இரங்கல் செய்தி.

இவற்றை அறிந்தவரை எழுத்தர் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, எழுத்தருக்கு இவற்றைக் கற்பித்து, அதற்கான ஊதியத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தால். நாம் செய்வது வேறு. நேற்றுவரை விடுதிக் கணக்கைப் பார்த்தவரை இன்று புராஜெக்ட் செக்‌ஷனில் உட்காரவைக்கிறோம். மூன்றாண்டில் அவர் இதைக் கற்றுக்கொண்டதும் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம்.

2. சேமித்த பணம் எங்கே போனது? அலுவலகத்தில் ஒரு பதவியை வைக்காமல் விட்டால் அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. மாடியிலிருந்து இறங்கி, ஆய்வாளரின் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் ஆய்வு செய்யும் பேராசிரியர்களிடம் ஃபெடரல் டெமான்ஸ்ட்ரேஷன் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு 2018-இல் எடுத்த கணக்கின்படி, அவர்களது ஆய்வு நேரத்தில் 44.3 விழுக்காடு ஆய்வுக்கே போகவில்லை. விண்ணப்பம், அறிக்கை, ஒப்புதல்கள் போன்றவற்றில் கழிந்தது. 2012-இல் அது 42.3.

இந்த எண்ணை எதிர்த்தரப்பும் கையில் எடுக்கும்: ‘அவ்வளவு பெரிய அலுவலகங்கள் இருந்தும் இந்த நிலையா?’ இதற்கு ஐந்தாவது மறுப்பில் பதில் சொல்கிறேன். இங்கே நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் 100 பேராசிரியர்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு 6 மணி நேரம் இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கை), ஜெம் போர்ட்டல் (அரசின் கொள்முதல் தளம்), பயன்பாட்டுச் சான்றிதழ், ‘உங்கள் ஃபைல் எங்கே இருக்கிறது’ என்ற தேடல் ஆகியவற்றில் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். 6 மணி என்பது மிகையில்லை என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாரம் 600 மணி நேரம். 40 மணி நேர வாரமென்றால், 15 பேராசிரியர்கள் வேறு எதுவும் செய்யாமல் ஃபைல் பார்க்கிறார்கள் என்று பொருள். ஐந்து ஆய்வு மேலாளர்களின் ஊதியத்தை மிச்சம் பிடிக்கப்போய், 15 பேராசிரியர்களின் ஊதியத்தைப் பயிற்சியில்லாத ஐந்து எழுத்தர்களின் வேலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் தனித் தலைப்பில் வருவதில்லை. அதனால் அது இல்லையென்று நினைத்துக்கொள்கிறோம்.

பணமாக எண்ண முடியாத செலவும் உண்டு. மூன்றாண்டுகள் ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். ஒருநாள் பயிற்சிகூட இல்லாமல்தான் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். பிரிவைத் தாங்கி நின்றவர் ஓர் ஒப்பந்தப் பணியாளர்; தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, இடையில் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் சேர்த்துக்கொள்வோம். ஆறாண்டு அப்படியே ஓடியது. எந்த நிதி நிறுவனம் எந்தத் தலைப்பிலிருந்து எந்தத் தலைப்புக்கு மாற்ற அனுமதிக்கும், எந்த அலுவலருக்குக் கடிதத்தில் எந்த வரியை முதலில் எழுத வேண்டும், எந்தப் பேராசிரியர் கடைசி நாளில்தான் ரசீதைத் தருவார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மாதம் ஒரே தொகை. படி உயர்வு இல்லை. பேறுகால விடுப்பு கேட்டபோது ‘விதியில் இடமில்லை’ என்று எழுதப்பட்ட குறிப்பில் நானும் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவர் வங்கி வேலைக்குப் போய்விட்டார். அடுத்த மார்ச் மாதம் இரண்டு திட்டங்களின் பயன்பாட்டுச் சான்றிதழ்கள் தவறான படிவத்தில் போய்த் திரும்பி வந்தன. சான்றிதழ் ஏற்கப்படாமல் அடுத்த தவணை வராது. ஏழு மாணவர்களுக்கு நான்கு மாதம் உதவித்தொகை இல்லை. அவர்களில் ஒருவர் விடுதிக் கட்டணத்துக்காக அம்மாவின் வளையலை அடகு வைத்தார். ஒரு நிரந்தரப் பதவியை உருவாக்க மறுத்து நாங்கள் ‘சேமித்த’ தொகையில் அந்த வளையலையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

3. பாபாவையும் சாராபாயையும் தவானையும் யார் சாட்சிக்கு அழைப்பது? மூவரும் என் பக்கத்துச் சாட்சிகள். 1958-இல் பாபா தலைமையிலான அணுசக்தி ஆணையம் திருத்தியமைக்கப்பட்டபோது, நிதிக்கென்றே ஓர் உறுப்பினருக்கு ஆணையத்துக்குள்ளேயே இடம் கொடுக்கப்பட்டது. நிதித்துறையின் வாசலில் ஃபைலோடு காத்திருக்காமல், பணத்தின் மொழி அறிந்தவர் விஞ்ஞானியின் மேசையிலேயே உட்கார வேண்டும் என்ற ஏற்பாடு அது. பாபாவின் மேதைமையில் இந்த நிறுவன அறிவுக்கும் பங்குண்டு.

தவான் 1972-இல் இஸ்ரோவின் தலைமையை ஏற்றபோது, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர்ந்தார். ஒரே மனிதர் இரண்டு பெரும் நிறுவனங்களைச் சுமந்தார் என்று வியந்து பேசுவோர், அதே 1972 முதல் 1976 வரை விண்வெளித் துறையின் இணைச் செயலராக இருந்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை: டி.என். சேஷன். பின்னாளில் தேர்தல் ஆணையத்தை உலுக்கிய அதே சேஷன்தான். அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் இருந்தால் நிர்வாகம் தானாக நடப்பதுபோலத்தான் தோன்றும். அவரைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு ‘விஞ்ஞானியே போதும்’ என்று பாடம் எடுப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

சாராபாய் விஷயத்தில் இந்த வாதம் தலைகீழாகவே நிற்கிறது. மேலாண்மை என்பது பிறவிக் குணம், கற்பிக்க வேண்டியதில்லை என்று அவர் நினைத்திருந்தால், 1961-இல் அகமதாபாதில் ஐ.ஐ.எம். உருவாக முன்னின்று உழைத்திருப்பாரா? அதன் முதல் கௌரவ இயக்குநராகப் பொறுப்பேற்றிருப்பாரா? அண்டக் கதிர்களை ஆராய்ந்த ஓர் இயற்பியலாளர், நிர்வாகத்தையும் ஒரு துறையாகவே கருதி அதற்கென ஒரு பள்ளியைக் கட்ட உதவினார். அவர் பெயரைச் சொல்லி அந்தத் துறையை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. விதிவிலக்கான மூன்று மனிதர்களை வைத்து அமைப்பை வடிவமைக்க முடியாது. நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தவான் கிடைப்பார் என்று காத்திருப்பவர்கள் அமைப்பைப் பற்றிப் பேசவில்லை. அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

4. ‘பழக்கத்தில் வந்துவிடும்’ என்கிறார்கள். எல்லாத் தொழிலும் பழக்கத்தில்தான் வருகிறது. மருத்துவமும் அப்படித்தான். அதனால் மருத்துவக் கல்லூரியை மூடிவிடுவோமா?

இந்த வாதத்தைச் சென்னை ஒருமுறை கேட்டு, தோற்கடித்தும் இருக்கிறது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். நூலகம் என்றால் புத்தகத்துக்குக் காவல். அதைப் படித்தவர் எவரும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அன்றைய பொதுக் கருத்து. அவருக்கே முதலில் வேலை பிடிக்கவில்லை. கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டனுக்குப் போய், பயிற்சி பெற்று, அங்குள்ள நூலகங்கள் இயங்கும் விதத்தை நேரில் கண்டபின் எண்ணம் மாறியது. திரும்பி வந்தவர் வேலையைப் பார்த்ததோடு நிற்கவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம். அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள். 1933-இல் கோலன் பகுப்பு முறை. சங்கம், பயிற்சி, கொள்கை, கருவி. ஒரு வேலை தொழிலாக மாறும் வரிசை இதுதான். ‘இதற்கெல்லாமா படிப்பு’ என்று அன்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நூலக அறிவியலில் முனைவர் பட்டம் பெறுகிறார்கள்.

ஆய்வு மேலாண்மை வேறு நாடுகளில் இதே வரிசையில்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆய்வு நிர்வாகிகளின் சங்கம் 1959-இலேயே உருவானது. 1993 முதல் இத்துறையினருக்குத் தேர்வு வைத்துச் சான்று தரும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. பிரிட்டனில் இத்துறையினரின் சங்கம் வகுத்த தொழில் வளர்ச்சிச் சட்டகம் செயல்நிலை, மேலாண்மை நிலை, தலைமை நிலை என்று வேலையை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஒருவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவை மையமாகக் கொண்ட தெற்கு ஆப்பிரிக்கச் சங்கம் 2002-இல் தோன்றியது. அவர்களும் திறன் சட்டகம் வகுத்து, தொழில்முறை அங்கீகாரம் வழங்குகிறார்கள். ஜப்பான் கல்வி அமைச்சகம் 2011-இல் ‘யு.ஆர்.ஏ.’ என்ற பெயரில் பல்கலைக்கழக ஆய்வு நிர்வாகிகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-24க்கான ஆராய்ச்சிக் கொள்கைத் திட்டத்தில் ஆய்வு மேலாண்மையைத் தனிச் செயல்பாடாகவே சேர்த்தது. இந்தியாவிலும் டி.பி.டி.–வெல்கம் இந்தியா அலையன்ஸ் என்ற ஆய்வு நிதி அமைப்பு இதற்கென ஒரு முன்னெடுப்பைத் தொடங்கி, பயிலரங்குகளும் நல்கைகளும் வழங்கியது. விதை இருக்கிறது. ஆனால் பயிலரங்கில் கற்றுத் திரும்பியவர் உட்கார ஒரு பதவி இல்லையென்றால் அந்தப் பயிற்சியால் பயன்?

சான்றிதழ்ச் சந்தை ஒன்று கிளம்பிவிடும் என்ற அச்சம் நியாயமானது. இரண்டு நாள் ஆன்லைன் வகுப்புக்குப் பட்டம் விற்பவர்கள் வரத்தான் செய்வார்கள். அதற்கு மருந்து, பயிற்சியைத் தொழில்புரிவோரின் சங்கமும் நிறுவனங்களும் சேர்ந்து வகுப்பது.

5. ‘மேலாளர் கூடினால் காகிதம் கூடும்’: ஆறில் வலுவான வாதம் இது. ஸ்டான்ஃபோர்டு விவகாரத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். 1990-91இல், அந்தப் பல்கலைக்கழகம் அரசுக்கு அனுப்பிய மறைமுகச் செலவுக் கணக்கில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானம்வரை ஏறியிருந்தது தெரியவந்தது. தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலக நேர்ந்தது. இந்த மறைமுகச் செலவைக் குறிக்கும் ஓவர்ஹெட் என்ற சொல்லுக்கே அன்று விழுந்த கறை இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1991-இல் பல்கலைக்கழகங்கள் நிர்வாகத்துக்காகக் கேட்கக்கூடிய தொகைக்கு 26 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதன்பின் வந்த முப்பதாண்டுகளில் மனிதர்கள்மீதான ஆய்வு, விலங்கு ஆய்வு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு, நலன்முரண் அறிவிப்பு, தரவுப் பாதுகாப்பு என்று அரசு புதுப்புது நிபந்தனைகளைச் சேர்த்துக்கொண்டே போனது. வேலை வளர்ந்தது, அதற்கான பணத்துக்கு மூடி போடப்பட்டது. மீந்த வேலை பேராசிரியரின் நேரத்துக்குள் புகுந்தது. நான் முன்பு சொன்ன 44.3 விழுக்காட்டை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். படிவங்களை மேலாளர்கள் தம் பிழைப்புக்காகப் புனைந்தார்கள் என்பதற்கு அந்த எண் சான்றாகாது. 2025 பிப்ரவரியில், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு நிறுவனமான என்.ஐ.எச். மறைமுகச் செலவை ஒரேயடியாக 15 விழுக்காடாகக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பல்கலைக்கழகங்களும் மாநிலங்களும் நீதிமன்றத்துக்கு ஓடியதும், நீதிமன்றம் அதைத் தடுத்ததும் இதனால்தான். விலங்குக் கூடத்தின் மின்கட்டணமும் கழிவுகளை அகற்றும் செலவும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கின்றன.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கணக்கை அனுப்பும் முன் ‘இது ஆய்வுச் செலவா?’ என்று கேட்கும் தகுதியும் துணிவும் உள்ள ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால்? ஆய்வு மேலாளரின் திறன்களில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்: மேலிருப்பவரிடம் ‘முடியாது’ என்று காரணத்தோடு சொல்வது. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரிடம் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

மோசமான மேலாளர்களும் இருக்கிறார்கள். ஒப்புதல் தேவையில்லாத இடத்தில் ஒப்புதல் கேட்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் பயத்தால் கேட்கிறார்கள். விதி தெரியாததால் பயப்படுகிறார்கள். விதியை ஆழமாக அறிந்தவர்தான் ‘இதற்கு இந்தப் படிவம் வேண்டாம்’ என்று தைரியமாக எழுதுகிறார்.

6. விதிகளைக் குறையுங்கள் என்கிறீர்களா? முழு மனதோடு சேர்ந்துகொள்கிறேன். 2025 ஜூனில் மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது நல்ல செய்தி. விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. கொள்முதல் குழு வழியே வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் ஆனது. 200 கோடி ரூபாய்வரை உலகளாவிய டெண்டருக்கு அனுமதிக்கும் அதிகாரம் இயக்குநர்களுக்கும் துணைவேந்தர்களுக்கும் வந்தது. தேவையான கருவி ஜெம் போர்ட்டலில் பொருத்தமாகக் கிடைக்காதபோது வெளியே வாங்கவும் வழி பிறந்தது.

ஆனால் இந்த ஆணை செய்திருப்பது என்ன? விதி எடுத்துவந்த முடிவை மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறது. போர்ட்டலில் உள்ள பொருள் ஏன் இந்த ஆய்வுக்குப் பொருந்தாது என்று இனி ஒருவர் காரணம் எழுத வேண்டும். ஐந்தாண்டு கழித்து வரும் தணிக்கையாளர் முன்பும் அந்தக் காரணம் நிற்க வேண்டும். விதி தளர்ந்த இடத்தில் அறிந்தவர் இல்லையென்றால் பயந்தவர்கள் பழைய விதியையே பிடித்துக்கொள்வார்கள். வரம்பு உயர்ந்த பிறகும் ‘எதற்கும் மூன்று விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள்’ என்று சொல்லும் அலுவலகங்களை இன்றே பார்க்கலாம்.

அதோடு, வரப்போகும் பணத்தின் தன்மை மாறுகிறது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023-இல் நிறைவேறியபோது ஐந்தாண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி அளவுக்கு அரசு சாராத வழிகளிலிருந்து, அதாவது தொழில்துறை, கொடையாளர்கள் போன்றோரிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. தொழில் நிறுவனத்தின் பணம் அரசின் நிதி ஒப்புதல் ஆணையான சாங்க்‌ஷன் ஆர்டரோடு வராது, ஒப்பந்தத்தோடு வரும். கண்டுபிடிப்பு யாருக்கு, கட்டுரை வெளியிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், மாணவியின் ஆய்வேட்டை ரகசியம் என்று பூட்டிவைக்க முடியுமா? எதிரில் அவர்களின் வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பார். நம் பக்கம் யார் உட்காருவது?

எனவே நான் கேட்பதைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். ஆய்வு மேலாளர் பதவி அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடங்களின் பட்டியலில் ஏற வேண்டும். அதில் குறைந்தது மூன்று படிகள் வேண்டும். முதல் படியில் இருப்பவர் நிதி அறிவிப்பின் நிபந்தனைகளையும் சாங்க்‌ஷன் ஆர்டரையும் வரிவரியாகப் படித்துச் சொல்பவர். இரண்டாம் படியில், இளம் ஆய்வாளரோடு உட்கார்ந்து திட்டத்தை வடிவமைத்து, பட்ஜெட்டை நியாயப்படுத்தி, ஒப்பந்தம் பேசுபவர். மூன்றாம் படியில், நிறுவனம் எதற்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று இயக்குநரிடம் சொல்லும் இடத்தில் இருப்பவர். தேர்வுப் பிரிவுக்கும் விடுதிக்கும் சுழற்சியில் மாற்றும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தக் கூடாது. முனைவர் பட்டம் பெற்று, ஆய்வகத்தில் தொடர விரும்பாத பெண்களும் ஆண்களும் ஏராளம். அவர்களுக்கு இது தோல்வியின் புகலிடமாக இல்லாமல், விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாதையாக வேண்டும். அவர்களைக் கட்டுரை எண்ணிக்கையால் அளக்காதீர்கள். எத்தனை மாணவர்களுக்கு உதவித்தொகை உரிய நாளில் கிடைத்தது, எத்தனை சான்றிதழ்கள் திருப்பியனுப்பப்படாமல் ஏற்கப்பட்டன, முதன்முறை விண்ணப்பித்த எத்தனை ஆசிரியர்கள் இவர்கள் துணையோடு நிதி பெற்றார்கள் என்று அளந்து பாருங்கள். ஓவர்ஹெட் தொகையில் ஒரு பகுதி இவர்களின் பயிற்சிக்கென்று எழுத்தில் ஒதுக்கப்பட வேண்டும். இப்போது அது போகும் இடங்களில் வண்ணப்பூச்சும் வாசல் வளைவும் அடக்கம்.

இதற்கு விதியில் இடமில்லை என்பார்கள். 2022-இல் யு.ஜி.சி. உயர்கல்வி நிறுவனங்களில் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு அமைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. பல கல்லூரிகள் அதற்குச் செய்தது, ஏற்கெனவே மூன்று பொறுப்புகள் சுமக்கும் ஒரு பேராசிரியருக்கு நான்காவது பெயர்ப்பலகையை மாட்டியது. அதே யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு நியமன ஒழுங்குமுறையைப் புரட்டிப்பாருங்கள். உதவி நூலகர், துணை நூலகர், பல்கலைக்கழக நூலகர் என்று மூன்று படிகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கல்வித் தகுதியும் ஊதிய நிலையும் உண்டு. நூலகரின் ஊதிய நிலை பேராசிரியருடையதற்கு இணை. உடற்கல்வி இயக்குநருக்கும் அப்படியே ஒரு ஏணி இருக்கிறது. அந்த நூலகர் பக்கத்துக்குக் கீழே இன்னொரு தலைப்பைச் சேர்க்க எத்தனை வரிகள் ஆகும்?